கொலைகாரிக்குக் கூலி

கொம்பையாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவன் பிழைப்பைக் கெடுத்தவர்களின் வரிசையில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் அதை மறந்துவிட்டு, பதவி உயர்வு வாங்கி, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஞாபகம் விட்டுத் தொலையவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் சந்திரலேகா. 2005இல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டர் கிளார்க்காக இருந்தேன். கீழே டீக்கடை, பக்கத்தில் லாட்ஜ், மாடியில் நாங்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் கவுன்டர் கண்ணாடி கடகடவென்று ஆடும். வல்லக்கோட்டையிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு வந்து, பத்திலிருந்து இரண்டு மணிவரை கவுன்டரில் உட்கார்ந்து, பிறகு கணக்கை முடித்துவிட்டு அதே ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு போவேன். சுவாரஸ்யம் என்று சொல்லிக்கொள்ள அந்த வேலையில் ஒன்றும் கிடையாது, புதன்கிழமைகளைத் தவிர.

புதன்கிழமைதான் கொம்பையா வருவான். இருபத்திமூன்று வயது. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கார் சீட் தைக்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தான். சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ஆறு பேர் ஷிஃப்டுக்குப் போனால் ஆறு பேர் அதே பாயில் படுப்பார்கள். எல்லாரும் தெற்கத்திப் பையன்கள்.

ஷிஃப்டுக்குப் போகிறவன் வங்கி நேரத்தில் வங்கிக்கு வர முடியாது. அதற்காக அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அறையில் கொம்பையாவுக்குப் புதன்கிழமை வார விடுமுறை. அதனால் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணமும் அவன் கைக்கு வந்துவிடும். மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்து மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு செலானாக எழுதுவான். இதற்கு ‘பேங்க் டூட்டி’ என்று பெயர். மணியார்டர் போட்டால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் தபாலாபீசுக்குப் போய்விடும். எங்கள் வங்கியின் கிளைகளைக் கணினியால் இணைத்திருந்த புதிது அது. இங்கே கட்டினால் அன்றைக்கே நாங்குநேரிக் கிளையில் அம்மாவின் கணக்கில் விழும்.

செலானில் அடியில் ‘விவரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் அதில் ‘ரொக்கம்’ என்று எழுதுவார்கள், அல்லது காலியாக விடுவார்கள். கொம்பையா விட மாட்டான். அறையில் ஒவ்வொருவனும் சொல்லியனுப்பியதை, தன் சரக்கும் கொஞ்சம் சேர்த்து எழுதுவான். ‘தாத்தா பீடிக்கு அல்ல.’ ‘ஆட்டை விற்காதே.’ ‘மாப்பிள்ளை வேண்டாம்: அண்ணன்.’ நான் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பேன். முப்பது எழுத்துக்குமேல் கணினி வாங்காது. மாத முடிவில் ஊரில் பாஸ்புக்கைப் பதிந்தால் தொகைக்குப் பக்கத்தில் அந்த வரி அச்சாகி வரும்.

“எஸ்.டி.டி. பூத்துல போயி நின்னா மீட்டர் ஓடுதத பாத்துக்கிட்டே பேச வேண்டியிருக்குக்கா. பாதி பேச்சு வாயிலயே நின்னுரும். இது ஓசி,” என்று ஒருநாள் சொன்னான்.

அவன் அம்மா கோமதியம்மாள் பீடி சுற்றுகிறவர். படிக்கத் தெரியாது. தங்கை சுகப்பிரியா மாதம் ஒருமுறை நாங்குநேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து கொண்டுவந்து, அம்மாவை உட்காரவைத்து அந்த வரிகளைப் படித்துக் காட்டுவாள். கோமதியம்மாளுக்குத் தொகை முக்கியமில்லையாம். “அந்தப் பய என்ன எழுதிருக்கான்?” என்றுதான் முதலில் கேட்பாராம். வருஷம் முழுக்க அவர்களுக்குள் கடிதம் கிடையாது. அந்தப் பாஸ்புக்தான் கடிதம்.

எனக்கு இது தெரிந்த பிறகு புதன்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். எங்கள் பியூன் மாரிகூட செலானை வாங்கிக்கொண்டு வரும்போதே படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார். “இன்னா தம்பி, இந்த வாரம் ஆட்டுக்கு ஒண்ணும் சேதி இல்லியா?” என்று கேட்பார்.

இதற்கு முன்னால் ஒருமுறை ஆடிட்டர்கள் வந்து, நான் எல்லா விவரத்தையும் ‘ரொக்கம்’ என்றே அடிப்பதாகக் குறை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். செலானில் உள்ளது உள்ளபடி அடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. பின்னால், ஏன் அப்படி அடித்தாய் என்று மேலிடத்தில் கேட்டபோது அந்தச் சுற்றறிக்கையைத்தான் நானும் காரணமாகக் காட்டினேன். அது பாதிப் பொய். அந்த வரிகளை அடிக்க எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் ஏழாம் தேதி, புதன்கிழமை, கொம்பையா ஒற்றைச் செலானோடு வந்தான். அதில் பதினெட்டாயிரம் ரூபாய். அவன் அனுப்புவது வழக்கமாக ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோதான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

“தங்கச்சிக்கு டீச்சர் டிரெய்னிங் சீட் கெடச்சிருக்குக்கா,” என்றான். முகம் முழுக்கப் பல். “கவுன்சிலிங்ல. பாளையங்கோட்டைல தனியார் ஸ்கூலு. பதினாறாம் தேதிக்குள்ள கட்டணும். கட்டலைன்னா அடுத்த நம்பருக்குப் போயிரும்.”

அந்த வருஷம் தெற்கே பெண்பிள்ளை உள்ள வீடுகளிலெல்லாம் இதே பேச்சு. இரண்டு வருஷம் டீச்சர் டிரெய்னிங் முடித்தால் அரசாங்க வேலை, பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைக்கலாம் என்று. பணம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். தன் இரண்டு வருஷச் சேமிப்பு பாதி, அறையில் இருந்த பதினோரு பேரும் அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பாமல் கொடுத்தது பாதி. அதனால்தான் அன்றைக்கு மற்ற செலான்கள் இல்லை.

விவரக் கட்டத்தைப் பார்த்தேன். ‘கொலைகாரிக்குக் கூலி’ என்று எழுதியிருந்தான்.

“இன்னாப்பா இது?”

“அவளுக்கு வீட்டுல அதான் பேரு. எனக்குப் பத்தாங்கிளாஸ் கணக்கு வராது. என்ன விட ரெண்டு வயசு சின்னவ, எனக்குப் பாடம் எடுத்தா. தப்பாப் போட்டா அடிஸ்கேலத் திருப்பி வச்சு முட்டியிலயே போடுவா. கொலகாரின்னுதான் கூப்புடுவேன். இனிமே அதுக்குச் சம்பளம் வேற வாங்கப் போறால்லா. ஊரான் வீட்டுப் பிள்ளையெல்லாம் என்ன பாடு படப் போவுதுவளோ.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். ‘கட்டணம்’ என்று அடித்திருக்கலாம். ‘படிப்புச் செலவு’ என்று அடித்திருக்கலாம். அந்த ஒரு கணத்தை இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சுகப்பிரியா நாங்குநேரிக் கிளைக்குப் போனாள். அம்மாவின் கைநாட்டு வைத்த பணம் எடுக்கும் படிவமும், அம்மாவும் கூடவே. முதலில் பாஸ்புக்கைப் பதிந்தாள். அந்த வரியைப் படித்ததும் கவுன்டரிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு புது ஆபீசர். என்னம்மா சிரிப்பு என்று கேட்டார். இவள் பாஸ்புக்கை அவரிடமே நீட்டிக் காட்டினாள்.

அந்த மனிதர் அதற்கு முந்தின வாரம்தான் சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அந்த வருஷம் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வழக்கத்துக்கு மீறிய தொகை, வெளியூரிலிருந்து ரொக்கம், போட்ட மறுநாளே முழுவதையும் எடுக்க வருவது என்று பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்ததெல்லாம் இதிலும் இருந்தது. போதாக்குறைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்து நாள் முன்னால் ஒரு கொலை நடந்து, வெட்டியவனுக்குப் பணம் கொடுத்தது யார் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர் கணக்கை நிறுத்திவைத்தார். பணம் உள்ளே வரலாம், வெளியே போகாது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஃபேக்ஸ் வந்தது. மேனேஜர் வானமாமலை என்னை உள்ளே கூப்பிட்டார். அவருக்கும் நாங்குநேரிதான் சொந்த ஊர். ஃபேக்ஸைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு கொலகாரி உண்டும்மா. எங்க அத்தைக்கே அந்தப் பேருதான்,” என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, அந்தப் பையனை வரச் சொல்லு. எழுத்துமூலமா விளக்கம் வாங்கணும்,” என்றார்.

கொம்பையாவிடம் போன் கிடையாது. மாரி சைக்கிளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கொம்பையா வந்தான். யூனிஃபார்மோடு, கையில் சீட் ஃபோம் தூள் ஒட்டியபடி. அவனும் முதலில் சிரித்தான். வானமாமலை அவனிடம், “ஏலே, ஒனக்கு எழுத வேற எதுவும் கெடைக்கலியா?” என்று ஊர்ப் பேச்சில் கேட்டார். அவனும், “தப்புதான் சார். இனிமே தேவாரம் எழுதுதேன்,” என்றான். அறையே கலகலவென்று இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு வேடிக்கை என்பதில் அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாருக்கும் துளிகூடச் சந்தேகம் இல்லை.

விளக்கக் கடிதம் எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. ‘வேடிக்கைக்காக எழுதினேன்’ என்று எழுதினான். மேனேஜர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மேசையில் தட்டினார். “இதை நான் எப்படி மேலே அனுப்புவேன்? வங்கி ஆவணத்தில் வேடிக்கை செய்தேன்னு நீயே ஒத்துக்கிற மாதிரி இருக்கு.” வேறு எழுதச் சொன்னார். ‘கொலைகாரி என்பது என் தங்கையின் செல்லப்பெயர்’ என்று எழுதினான். “இதுக்கு ஆதாரம்?” என்றார் மேனேஜர். செல்லப்பெயருக்கு எந்த தாசில்தார் சான்றிதழ் கொடுப்பார்? எங்களிடம் இருந்த படிவத்தில் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போகிறது, பெறுபவர் யார் என்று பதினாலு கட்டம் இருந்தது. சும்மா சிரிப்புக்கு எழுதியது என்பதைப் போட ஒரு கட்டம் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கட்டம் அடுத்த கண்ணி. பதினோரு பேர் கொடுத்தது என்று உண்மையை எழுதினான். பதினோரு பேர் சேர்ந்து ஒரு கொலைகாரிக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்று தாளில் பதிவானது. நான் அதைப் படித்தபோது முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம் மூன்றும் வேண்டும் என்றார் மேனேஜர். ரேஷன் கார்டு ஊரில் அம்மாவிடம். அறை வாடகைக்கு ரசீது கிடையாது. வீட்டுக்காரர் வீட்டு வரி கட்டாமல் அந்த அறையில் பன்னிரண்டு பேரை வைத்திருந்தார். மாரி கூடப் போய்க் கேட்டார். “பேங்குக்கெல்லாம் எழுதிக் குடுத்தா நாளைக்கு எங்க வூட்டுக்கு ஆள் வரும். வேணாம்பா,” என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை கம்பெனியில் கேட்டான். பெர்சனல் ஆபீசில், எதற்காகக் கடிதம், வங்கி எழுத்தில் கேட்கட்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜர் எழுதிக் கொடுத்தார். ‘பொருள்: சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் தொடர்பாக’ என்று போட்டுத்தான் எழுதினார். நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். “சார், பொருளை மட்டும் மாத்திடலாமே, பையன் வேலைக்கு ஆபத்தாயிடும்,” என்றேன். “ஃபேக்ஸில் என்ன பொருளோ அதுதாம்மா போடணும்,” என்றார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கம்பெனி கடிதம் கொடுத்தது. எங்கள் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து அவன் கோப்பில் வைத்துக்கொண்டது.

புதன்கிழமை, பதினாலாம் தேதி, கிடைத்த தாள்களையெல்லாம் நாங்குநேரிக்கு ஃபேக்ஸ் செய்தோம். கொம்பையா கவுன்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. ஒரு மணிக்குப் பதில் வந்தது. விஷயம் திருநெல்வேலி வட்டார அலுவலகத்துக்குப் போய்விட்டது, அவர்கள் சொன்னால்தான் கணக்கைத் திறக்க முடியும், காவல்நிலையத்துக்கும் தகவல் கொடுத்தாகிவிட்டது. நான் அதை அவனிடம் சொன்னேன்.

“ஸ்டேஷனுக்கா?” என்றான். “எங்கம்மை போலீசப் பாத்தா நடுங்கிருவாளே.”

பின்னால் எனக்குத் தெரிந்தது இது. ஒரு ஏட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரம்மா அந்தக் கொலைகாரி என்று கேட்டிருக்கிறார். கோமதியம்மாள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மகளைச் சுட்டிக்காட்டி, “இவதான் ஐயா கொலகாரி,” என்றிருக்கிறார். ஏட்டும் சிரித்துவிட்டாராம். சிரித்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனாராம். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. வட்டிக்குக் கொடுக்கிறவரிடம் அன்று மாலை சுகப்பிரியா போய் நின்றபோது, போலீஸ் வந்துபோன வீட்டுக்குப் பணம் தருவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை திருநெல்வேலி அலுவலகத்துக்கு நானே ஐந்து முறை போன் செய்தேன். சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார்கள். வேறு யாராவது கையெழுத்துப் போடலாமே என்றேன். “வேறு யார் போடுவார்கள் மேடம்? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?” என்றது அந்தக் குரல். சொல்லிவிட்டு, “எங்களுக்கும் தெரியும் மேடம், சின்னப் பையன் விளையாட்டு,” என்று சேர்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை கொம்பையா வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். ஃபேக்ஸ் மெஷின் ஒலிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவான். மாரி டீ வாங்கிவந்து கொடுத்தார். அது ஆறி ஆடை கட்டியது. இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியபோதும் மாரி அவனை எழுப்பவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அதே கிளையில் என் பெயரில் இருபத்தையாயிரம் ரூபாய் டெபாசிட் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டார் மாற்ற வைத்திருந்தது. புதன்கிழமையே உடைத்து டிராஃப்ட் எடுத்து அனுப்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும். நினைக்காமல் இல்லை. வாடிக்கையாளரோடு ஊழியர் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது, அதுவும் விசாரணையில் இருக்கும் கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மூன்று மணிக்கு நான் வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பாளையங்கோட்டைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நாலு மணி வரைக்கும் கட்டலாமாம். அதுக்கப்புறம் லிஸ்ட் போயிடுமாம்,” என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“நீங்க என்னக்கா செய்வீங்க,” என்றான். பிறகு, “அவ அங்க ஸ்கூல் வாசல்லயே நிக்கா. அம்மையும் கூட நிக்கா. கையில பணம் இல்லாம சும்மா நின்னு என்னத்துக்குன்னு, காலைல கீழ டீக்கடைக்குப் போன் போட்டப்ப கேட்டேன். மணி அடிக்க வரைக்கும் நிக்கேங்கா,” என்றான்.

நான்கு மணிக்கு எழுந்து, டீக் கிளாஸை எடுத்துப்போய்க் கீழே கடையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கணக்கு அக்டோபர் பதினொன்றாம் தேதி திறந்தது. ‘ஆட்சேபகரமாக எதுவும் இல்லை’ என்று ஒரு வரி. இரண்டு கையெழுத்து. அந்த வரியை எழுத அவர்களுக்கு முப்பத்திமூன்று நாள் பிடித்தது. வானமாமலை சந்தோஷமாகக் கொம்பையாவைக் கூப்பிட்டனுப்பி, “பாத்தியா, உம் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது,” என்றார். அவன் நன்றி சொன்னான். பதினோரு பேரின் பங்கையும் சுகப்பிரியா அந்த வாரமே எடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

டிசம்பரில் கம்பெனியில் நிரந்தரம் செய்யப்படும் டிரெய்னிகளின் பட்டியலை ஒட்டினார்கள். அவனோடு சேர்ந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் பெயர் இருந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு, உன் பெர்ஃபாமன்ஸ் நல்லாத்தான் இருக்கு, மேலிருந்து வந்த லிஸ்ட் இது என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டியிருக்கிறார். எங்கள் கடிதத்தின் நகலைத்தான் நான் நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான்.

அந்த மாதங்களில் அவன் பேங்க் டூட்டி மட்டும் நிற்கவில்லை. புதன்கிழமை தவறாமல் மஞ்சள் பையோடு வருவான். பன்னிரண்டு செலான். விவரக் கட்டத்தில் பன்னிரண்டிலும் ‘ரொக்கம்’. ஒருமுறை நான் வெட்கத்தை விட்டு, “அம்மாவுக்கு ஒரு வரி எழுதேன்ப்பா, நான் அடிக்கிறேன். நல்ல வார்த்தையா எழுது, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றேன்.

“எது நல்ல வார்த்தைன்னு எனக்குத் தெரியலக்கா,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாதவன் மாதிரிதான் சொன்னான்.

பிப்ரவரியில் டிரெய்னிங் காலம் முடிந்து வேலையும் முடிந்தது. அறையில் வேறொரு பையன் பேங்க் டூட்டிக்கு வந்தான். கொம்பையா திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னான். மாரி கொஞ்ச நாள் புதன்கிழமைகளில் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

2006 ஆகஸ்டில் ஒரு பெண் என் கவுன்டருக்கு வந்தாள். செல்போன் கம்பெனி லைன் பெண்கள் போடும் நீலக் கோட்டு. கழுத்தில் அடையாள அட்டை. அந்த நேரத்தில் அவர்கள் கம்பெனி பஸ்ஸில் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவார்கள், எனக்கு முகம் பார்க்கிற வழக்கம் இல்லை. செலானை வாங்கினேன். பெறுபவர் கோமதியம்மாள், நாங்குநேரிக் கிளை. தொகை ஆயிரத்து இருநூறு. விவரக் கட்டம் காலி.

அட்டையில் பெயரைப் படித்தேன். சுகப்பிரியா.

“கொம்பையாவோட தங்கச்சியாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதான் சந்திரலேகா அக்காவா? அண்ணன் சொல்லிருக்கான். அவன் எழுதுதத எல்லாம் நீங்கதான் அடிப்பியளாம்.”

அந்த வரியையும் நான்தான் அடித்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாள், மாதம் மணியார்டர் போடுகிறான் என்றாள்.

“மணியார்டர் ஃபாரத்துல சேதி எழுத இடம் இருக்குமே. எழுதுறானா?”

“இடம் இருக்கு. எழுத மாட்டான்.”

“நீ மறுபடி கவுன்சிலிங்குக்குப் போகலியா?”

“ஒருக்கா விட்ட சீட்டு. அப்புறம் அம்மைக்கு நெஞ்சுல சளி, பீடி சுத்த முடியல. ஏஜென்ட் ஒருத்தர் ஊருக்கு வந்து ஆளெடுத்தாரு. வந்துட்டேன். ஒரகடம் ரோட்டுல ஹாஸ்டல். செல்போனுக்கு மூடி மாட்டுத வேல. நாளைக்கு ஆயிரத்து நானூறு மூடி.” சொல்லிவிட்டுப் பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

நான் கணக்கு எண்ணை அடித்தேன். தொகையை அடித்தேன். கர்சர் விவரக் கட்டத்தில் வந்து நின்று துடித்தது. முப்பது எழுத்துக்கு இடம்.

“அம்மாவுக்கு ஏதாவது போடட்டுமாம்மா?” என்றேன். “சாப்பிட்டியா, மருந்து குடி, அந்த மாதிரி. ஒரு பிரச்சினையும் வராது. நான் பார்த்துக்கிறேன்.”

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். நாங்குநேரிக் கவுன்டரில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இப்படித்தான் இருந்திருக்குமா என்று எனக்குத் தோன்றியது.

“யாருக்குக்கா?” என்றாள். “அம்மைக்கு எழுத்துத் தெரியாது. படிச்சுக் காட்டுத ஆளு நான் இங்க நிக்கேம்லா.”

நான் ‘ரொக்கம்’ என்று அடித்துவிட்டு, செலானில் முத்திரை வைத்து அவளிடம் கொடுத்தேன்.